அதிகமாக ஓடும் மீட்டர்

ஒரு அளவுக்குள் செலவழித்தால் கரண்ட் இலவசம் என்று அரசாங்கம் சொன்னதிலிருந்து, ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தில் எல்லோருக்கும் அதே பேச்சுத்தான். பில்லில் சைபர் வருவது ஒரு கௌரவம் ஆகிவிட்டது. என் மகன் காலையில் பல் தேய்த்துக்கொண்டே போய் மீட்டரைப் பார்ப்பான்.

நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பின் தெருவில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் பி.ஜி. ஒன்று இருக்கிறது. அங்கே தினமும் ஒரு பெரிய டப்பா போகும். என் கைச்செலவு, மருந்து எல்லாம் அதில்தான்.

இந்தக் கோடையில் மீட்டர் கொஞ்சம் வேகமாக ஓடியது. அளவு தாண்டிவிடுமோ என்று பயந்து மகன் ஆபீசுக்குக் கிளம்பும்போது பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் திறந்தால் மாவு பொங்கி வழிந்து கிடந்தது. அதையே கொஞ்சம் தேற்றி அனுப்பினேன். மறுநாள் பி.ஜி.யில் சமைக்கிற அம்மா டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பெண்கள் புளிப்பு என்று தட்டைத் தள்ளிவிட்டார்களாம். இனி கடையில் பாக்கெட் வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

இரண்டு நாள் மாவே அரைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் பேக்டரி வேலை பார்த்தவர். கரண்ட் இல்லாத நாளில் மெஷின் நிற்கும், ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குச் சம்பளம் கிடையாது. மெஷின் விடாமல் ஓடிய வருஷங்களில்தான் இந்த வீட்டுக்குத் தளம் போட்டோம். டிவியில் நாடு எவ்வளவு கரண்ட் செலவழிக்கிறது, எவ்வளவு வளர்கிறது என்று பேசும்போது எனக்குப் பாதி புரியாது. ஆனால் இது புரியும்.

கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் கடை ரேட்டில் தனி மீட்டர் வைக்கப்போகிறேன், அந்தப் பில்லை நானே கட்டிக்கொள்கிறேன் என்று மகனிடம் சொன்னேன்.

“சும்மா வர்ற கரண்ட்ட விட்டுட்டு காசு குடுத்து வாங்குவாங்களாம்மா? ஊரே சிரிக்கும்.”

“கரண்ட மிச்சம் பிடிச்சா மாவு அரையாதுடா” என்றேன். அவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

மருமகள் துணைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாமென்று நானே கரண்ட் ஆபீசுக்குப் போனேன். ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் எனக்கு வாயே வராது. வரிசையில் என்னைத் தாண்டி நாலைந்து பேர் போனார்கள். கடைசியில் கவுண்டரில் இருந்தவரே என்னைப் பார்த்து, “ஏனம்மா, பில் ஜாஸ்தி பந்திதியா?” என்று கேட்டார். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் பில் அதிகம் என்றுதானே வருவார்கள்.

இல்லை சாமி, ஜாஸ்தி வருகிற மாதிரி ஒரு மீட்டர் வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னேன். வரிசை முழுக்கச் சிரித்தது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றேன். அவரும் சிரித்துவிட்டுத்தான் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொன்னார். அதற்கப்புறம் மூன்று தடவை அலைந்தேன்.

மீட்டர் வந்த வாரம், கேட்காமலே ஒரு டப்பா மாவைத் தூக்கிக்கொண்டு பி.ஜி.க்குப் போனேன். சமைக்கிற அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“வெயில் இன்னும் போகலியே, நாளைக்கும் இப்படியே இருக்குமா?”

“இருக்கும். பிரிட்ஜ் என்னோடது, பில்லும் என்னோடது.”

வாரத்துக்கு மூன்று நாள் போடுங்கள், பார்க்கலாம் என்றார். மீதி நாட்களுக்கு ஆள் பிடிக்க வேண்டும். அல்சூர் பக்கம் புதிதாக இன்னொரு பி.ஜி. திறந்திருக்கிறார்களாம். நாளைக் காலையில் அங்கே போகிறேன்.