வரப்பைத் தாண்டாத சிலந்தி

பாகம் பிரித்தபோது மாமரங்கள் அண்ணன் பக்கம் போயின. எனக்கு மரவள்ளிக் காடும் கிணற்றோரத்தில் ஒரு புங்கமரமும் வந்தன. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. அன்றும் எழவில்லை.

அண்ணன் மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். போன வருடம் அந்த மாமரங்களில் ஒரு சிலந்தியைக் கண்டுபிடித்தாள். பார்த்தால் செவ்வெறும்பேதான். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, எறும்பின் மீசைபோல ஆட்டிக்கொண்டு நடக்கும். தொட்டால் தாவி, நூலில் தொங்கும். அப்போதுதான் சிலந்தி என்று தெரியும். செவ்வெறும்பு இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகிற மரங்களில்தான் அது குடியிருக்குமாம். அதைப் பார்த்த இடங்களுக்கெல்லாம் புள்ளி வைத்த வரைபடம் ஒன்றைச் செல்போனில் காட்டினாள்.

"இலங்கை, சீனா வரைக்கும் இருக்குதுங்க சித்தப்பா. நம்மூர்ல ஒரே புள்ளிதான். எங்க தோட்டத்துல."

சீனா வரைக்கும் போன சிலந்திக்கு என் வரப்பைத் தாண்ட முடியவில்லையா? எனக்கு வயிறு எரிந்தது. பால் ஊற்றப் போகிற இடத்திலெல்லாம் அண்ணன் அந்தப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம், எறும்புக் கூட்டோடு ஒரு மாங்கிளையை அறுத்துவந்து என் புங்கமரத்தில் கட்டினேன். காது, கழுத்து, வேட்டிக்குள் என்று ஓர் இடம் விடாமல் கடித்தன.

"ஊரே எறும்பைத் தொரத்துது, நீங்க கூப்புட்டுக் குடி வெக்கறீங்க" என்றாள் மனைவி.

சில நாட்களில் புங்க இலைமேல் ஒரு சிலந்தி காலை ஆட்டிக்கொண்டு நடந்தது. ஓடிப்போய், விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகளைக் கூட்டிவந்தேன்.

"அட, இங்கயும் இருக்குதுங்களா! இந்தக் கூடு எப்ப வந்துச்சுங்க?"

"நாந்தான் உங்க மரத்துல இருந்து கொண்டாந்து கட்டுனேன்" என்றேன் பெருமையாக.

படம் எடுக்கத் தூக்கிய செல்போனை அவள் தாழ்த்தினாள். "கொண்டாந்து உட்டதக் கணக்குல சேத்தக்கூடாதுங்க சித்தப்பா. அது தானா இருக்கோணும்."

அவள் பின்னாலேயே வந்திருந்த அண்ணன் சிரித்தார். "ஏன்டா தம்பி, கேட்டிருந்தா மரத்தையே பேத்துக் குடுத்திருப்பனே சாமி!"

கேட்டிருக்க வேண்டியதுதான், பாகம் பிரித்த அன்றைக்கே. முகம் காந்தியது. ஆனாலும் அவளிடம் கேட்டுவிட்டேன்.

"இங்கயே குஞ்சு பொரிச்சா?"

அவள் யோசித்தாள். "அந்தக் குஞ்சும் பெருசாகி இங்கயே நின்னுச்சுன்னா, அப்பப் பாக்கலாங்க."

இப்போது ஒரு புங்க இலையின் மடிப்பில் வெள்ளையாக நூல் பின்னியிருக்கிறது. உள்ளே முட்டை இருக்கிறது. தழை ஒடிக்க யாரையும் அந்த மரத்தின் பக்கம் விடுவதில்லை, மனைவியைக்கூட. அண்ணன் வரப்பில் நின்று எட்டிப் பார்த்தால், நான் முன்னால் போய் மறைத்து நின்றுகொள்கிறேன்.