யோசிக்க மறந்த போன்

போன ஞாயிற்றுக்கிழமை என் போன் ஒரு கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

நான் இல்லை. போன்தான். என் மனைவி இதை நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்.

என் தங்கையின் மகள் ஜனனி. நாவற்குடாவில் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், "பெரிய மூளையச் சின்ன மூளையாக்கிறது மாமா" என்பாள். கம்பியூட்டருக்குள் ஒரு செயற்கை மூளை இருக்கிறதே — படத்தைப் பார்த்து இது பூனை, இது பூசணிக்காய் என்று சொல்லுமே — அது ஊர்ப்பட்ட இடம் பிடிக்கும். இன்டர்நெட்டில் எங்கோ தூரத்திலிருக்கும் கம்பியூட்டரைக் கேட்கலாம்தான். ஆனால் வாவிக்கரையில் சிக்னல் கிடைத்தால்தானே? ஆகவே அந்த மூளையைச் சுருக்கிப் போனுக்குள்ளேயே அடைத்து, கெதியாகப் பதில் சொல்லவும் வைக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்!

ஓய்வு நேரத்தில் மீனுக்கு ஒரு ஆப் செய்தாள். மீனுக்கு நேரே போனைப் பிடித்தால் புதுசா, பழசா என்று சொல்லும். சந்தையில் ஈரக் கையோடு நிற்கிறவர் திரையைத் தடவித் தடவியா வாசிப்பார்? அதனால் தன் குரலிலேயே பதிவு செய்து வைத்தாள். ஒன்று, "புதுசு! உடனே வாங்குங்க!" மற்றது, "பழசு. வாங்க வேணாம்." இரண்டே வசனம்.

சோதனைக்கு அகப்பட்டவன் யார்? நான்தான். எங்கள் குடும்பத்தில் ஆகப் பழைய போன் என்னுடையது. "இதில ஓடினா எதிலயும் ஓடும் மாமா" என்றாள். பாராட்டா, நக்கலா... நான் விசாரிக்கவில்லை.

முதல் நாள் மீன் சந்தையில் நல்ல ஓரா மீன் ஒன்றுக்கு நேரே போனைப் பிடித்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. போனின் முதுகு ரொட்டி சுடலாம் போலக் கொதித்தது. எனக்குப் பின்னால் வந்த ஒருவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார், விலை பேசினார், மீனோடு போயே போய்விட்டார்.

"சேர், உங்கட போன் யோசிச்சு முடியிறத்துக்குள்ள மீன் கருவாடாப் போயிரும்" என்றார் மீன்காரர். சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வாய் திறந்தது. "புதுசு! உடனே வாங்குங்க!" என்னத்தை வாங்குவது? வெறும் பலகையையா?

கதையைக் கேட்ட ஜனனிக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மூளை முழுக்க எண்கள்தானாம். ஒவ்வொன்றுக்கும் தசமப் புள்ளிக்குப் பின்னால் நீளமாய் ஒரு வால். எல்லா வாலையும் வெட்டி முழு எண்ணாக்கினாள். உள்ளே வேலை செய்யாமல் சும்மா குந்தியிருந்த இணைப்புகளைத் தேடிப் பிடித்துக் கழற்றி எறிந்தாள். (இந்தப் பிள்ளையை ஒரு வாரம் நம்முடைய அலுவலகங்களுக்குள் விட்டால் எப்படி இருக்கும்?) முழு மீனையும் பார்ப்பானேன் என்று, கண்ணை மட்டும் பார்க்க வைத்தாள். கண் தெளிவாய்த் தள்ளிக்கொண்டிருந்தால் புதுசு. சிவந்து உள்ளே போயிருந்தால் பழசு. அதோடு நிற்கவில்லை. "இது மீன்தானா?" என்று அந்த ஆப் முதலில் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுமாம். அதையும் தூக்கிவிட்டாள்.

"மீன் கடையில வேற எதக் காட்டப் போறீங்க மாமா?"

நியாயம்தானே? நானும் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு போன் பறந்தது. பிடிக்க முதல் பதில் வந்தது.

இதற்கிடையில் ஜனனிக்குக் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை சுதன், கொழும்பில் வேலை. இரண்டு பேரும் ஏற்கெனவே பேசிப் பழகியவர்கள். ஜனனிக்கு அவன் என்றால் உயிர். முட்டுக்கட்டை சுதனின் தாயார். கதிரவெளிக்காரி. "எந்த நேரமும் கம்பியூட்டரோட குந்தி இரிக்கிற புள்ள குடும்பம் நடத்துமா?" என்று கேட்டனுப்பியவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடிவர வேண்டும். மகனை எந்த வீட்டில் விடப்போகிறோம் என்று பார்க்க, ஞாயிறு காலையில் மகனையும் கூட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார். அவர் ஓம் என்றால் ஓம். இல்லை என்றால் எல்லாம் போச்சு.

வந்தார்கள், கதிரையில் இருந்தார்கள், பலகாரம் வந்தது. சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி காதுக்குள் வந்து, "மாப்பிள்ளைய ஒரு படம் எடுங்க, லண்டன் அக்காக்கு அனுப்ப" என்றாள்.

எடுத்தேன். அதாவது, கமராவை அமுக்குவதாக நினைத்து அதற்குப் பக்கத்தில் இருந்ததை அமுக்கிவிட்டு, சுதனின் முகத்துக்கு நேரே பிடித்தேன். பாவம், இரவு முழுக்க பஸ்ஸில் தூங்காமல் வந்த பிள்ளை. கண் இரண்டும் செக்கச் சிவந்து, உள்ளே போய்க் கிடந்தன.

"பழசு. வாங்க வேணாம்."

கல்யாணப் பெண்ணின் குரல்! சபை நடுவில்!

பழைய வேகம் என்றால் வட்டம் சுற்றும்போதே போனை நிறுத்தியிருப்பேன். வேகம், வேகம் என்று பறக்கிறோமே — பதில் வருவதற்கு முன்னால் சுற்றுகிற அந்த வட்டம் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்தோமா? என் வாய்க்கும் அப்படி ஒரு வட்டம் இருந்திருந்தால் என் கல்யாண வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

தங்கை தேநீர்த் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். குசினிக்குள்ளிருந்து ஜனனி ஓடி வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"மாமா! என்ன கெதியாச் சொல்லுது பாத்தீங்களா!"

பிறகுதான் சபையைக் கண்டாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ... அது மீனுக்கு மாமி. கண்ண மட்டும்தான் பாக்கும்..." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மாமாங்கப் பிள்ளையாரே, இந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் மண் போட நானா கிடைத்தேன்?

சுதனின் தாயார் மகன் பக்கம் திரும்பினார். மகனின் நாடியைப் பிடித்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தங்கையிடம் சொன்னார்:

"ஓம் கா, சரியாத்தான் சொல்லுது. இந்தக் கண்ணோட மீன் இரிந்தா நானும் வாங்கமாட்டன்."

"அம்மா!" என்று கத்திக்கொண்டே முதலில் சிரித்தவன் சுதன்தான்.

"எனக்கு ஒருக்காப் புடி புள்ள, பாப்பம்" என்றார் தாயார்.

ஜனனி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். என் போனை வாங்கி மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"புதுசு! உடனே வாங்குங்க!"

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேரன் பேத்தி எடுத்தவர். கொண்டையைத் தடவிச் சரிசெய்துகொண்டார். "இன்னொருக்காப் புடி" என்றார். இன்னொரு தடவையும் புதுசு! "புள்ள கெட்டிக்காரிதான்" என்றார். இரண்டாவது தட்டுப் பலகாரம் முடிவதற்குள் நாளும் பேசியாகிவிட்டது. ஜனனி குசினிக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு, சிரித்துக்கொண்டு வந்தாள். போகும்போது தாயார் அந்த ஆப்பைத் தன் போனிலும் போட்டு வாங்கிக்கொண்டார்.

வாசலில் சுதன் என் காதுக்குள் சொன்னான்: "அம்மாக்குப் போன மாசம்தான் கண் ஒப்பரேசன் மாமா. ரெண்டு கண்ணுக்கும் புது லென்ஸ்."

அன்று பின்னேரமே ஜனனி ஆப்பைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். இப்போது கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனால் மனிதரைக் காட்டினால் வாய் திறப்பதில்லை. எல்லாரும் அப்டேட் பண்ணிவிட்டோம். கதிரவெளியில் ஒரு போன் மட்டும் மிச்சம். ஜனனி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாளாம்.

"வேணாம் புள்ள" என்றாராம் மாமி. "ஊருக்குள்ள உண்மையச் சொல்றது இது ஒண்டுதான். அதையும் கெடுத்திராத."