வாளையாறைத் தாண்டாத நைட்டி

வீட்டில் தைக்கும் நைட்டிகளை இன்ஸ்டாவில் விற்கிறேன். பாலக்காட்டிலிருந்து முதல் ஆர்டர் வந்த சந்தோஷத்தில், போத்தனூரில் எங்கள் தெரு ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று இன்று போனேன்.

கேட்காமலே இருந்திருக்கலாம்.

“கன்னியாகுமரிக்கு அனுப்புங்க, பிரச்சினையே இல்லீங்க. உங்க வியாபார அளவுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். ஆனா பாலக்காட்டுக்கு ஒரே ஒரு நைட்டி அனுப்புனாலும் ஜிஎஸ்டி நம்பர் வாங்கோணும் அம்மணி. அது வேற மாநிலமுங்க.”

“ஏனுங்க சார், கன்னியாகுமரி போக ஒரு ராத்திரி ஆகுது. பாலக்காடு இங்கிருந்து ஒரு மணி நேரமுங்க!”

“பக்கமா இருந்தா ஆச்சுங்களா? நடுவுல வாளையாறு பார்டர் இருக்குதல்லங்க?”

ஒரு நைட்டிக்காக ஆயுள் முழுக்க ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தெம்பு எனக்கில்லை. அங்கேயே உட்கார்ந்து ஆர்டரை கேன்சல் செய்தேன். ஆர்டர் கொடுத்த பெண் அழுகிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினாள்.

நான் எழுந்ததும் ஆடிட்டர் தொண்டையைச் செருமினார்.

“அப்புறம் அம்மணி, இன்ஸ்டாவுல போட்டிருந்த அந்தப் பூப்போட்ட நைட்டி ரெண்டு வேணுமுங்க. நம்ம பாப்பாவப் பாலக்காட்டுலதான் கட்டிக் குடுத்திருக்கறோம். நேரா அங்கயே கூரியர் போட்டுடுங்க.”

நான் பார்த்த பார்வையில் அவருக்கே உறைத்துவிட்டது.

“செரி, செரி. இங்கயே குடுங்க. ஞாயித்துக்கெழம நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்.”

ஆக, சட்டம் எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. பாலக்காட்டுத் தோழிகளே, என் நைட்டி வேண்டுமென்றால் வாளையாறுக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு ஓர் அப்பா இருக்க வேண்டும்.

இருப்பவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். ஆடிட்டராக இருந்தால் இன்னும் நல்லது.