நாயின் கண்ணைப் பார்த்த பதினான்கு நாட்கள்

தில்லையடியில் எங்கள் ஒழுங்கை முனையில், மீன்காரரின் பின்னால் திரியும் தெருநாய் ஒன்று மகளின் கெண்டைக்காலைக் கடித்தது. டியூஷன் முடிந்து வந்தவள் அழவில்லை. பதறியது நான்தான். நாய் வாய் வைத்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால் என்பது சிறு வயதிலேயே எங்கள் கையில் ஊறிய பழக்கம். அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்து, இரத்தம் கசியும் காயத்தின் மேலேயே மண்ணைத் தேய்த்தேன்.

“இதென்ன மண்?” என்று ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி கேட்டார்.

சொன்னேன்.

“அது தொழுறதுக்குத்தானே. காயத்தச் சவுக்காரம் போட்டுப் பைப்புத் தண்ணியிலதான் கழுவோணும். படிச்ச ஆள்தானே நீங்க.”

“வாப்பா பயந்துட்டாரு மிஸ்ஸி,” என்றாள் மகள். “கடிச்சது என்னைய. ஊசிய அவருக்குப் போடுங்க.”

முதல் ஊசி அவளுக்குத்தான் போட்டார்கள். பதினான்கு நாளைக்குள் நாய் செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வரும்படி டாக்டர் சொன்னார். எழுதிக் கொடுத்த துண்டில் நாயைப் பற்றி ஆங்கிலத்தில் ‘ஃபெரோஷஸ்’ என்று எழுதியிருந்தார். வீட்டில் அகராதியைத் திறந்தேன். மூர்க்கமான, கொடூரமான. கீழே சொல்லின் வேர் இருந்தது: லத்தீனில் முன்பாதி காட்டுத்தனம், பின்பாதி, கண் என்ற சொல்லுக்கு உறவு. காட்டுப் பார்வை உடையது. பல்லைப் பற்றி ஒன்றுமே இல்லை.

அதன்பின் தினமும் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு ஒழுங்கை முனைக்குப் போய் அதன் கண்ணைப் பார்த்தேன். சிவந்திருக்கிறதா, வெறிக்கிறதா என்று. மத்தியானம் வேலையிலிருந்து மனைவிக்குப் போன் எடுப்பேன்.

“நாய் ஈக்கிதா?”

“ஈக்கிது. என்னைய ஒருநாளாவது இப்படி விசாரிச்சீங்களா?”

ஒன்பதாம் நாள் நாயைக் காணவில்லை. மோட்டார் சைக்கிளில் களப்புக் கரை வரை தேடினேன். மீன் இறக்கும் இடத்தில், தோணி நிழலில் கிடந்தது. கிட்டப் போனதும் பல்லைக் காட்டி உறுமியது. உயிரோடிருக்கிறதே என்று அதன் கண்ணையே பார்த்தபடி நின்றேன்.

“முறைக்காதீங்க நானா,” என்றார் மீன்காரர். “உங்களையும் கடிச்சுப்போடும்.”

பதினான்காம் நாளும் அது மீன்தலை தின்றுகொண்டிருந்தது. இனிப் பயமில்லை என்றார் டாக்டர். எனக்குத்தான் அடங்கவில்லை. நாய்வெறி கண்டவருக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பார்கள். இன்றும் மகள் தண்ணீர்க் கோப்பையை எடுத்தால், என் பார்வை அவள் தொண்டைக்குப் போய்விடுகிறது.

“விழுங்கிட்டேன் வாப்பா,” என்கிறாள், கோப்பையை வைத்தபடி.