பெரட்டில் ஒரு பேர்

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து, பசறை பஸ் ஸ்டாண்டில் மகளோடு நிற்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வழி முழுக்க "திரும்பிப் போவம்" என்று அழுத ஆறு வயதுக் கயல், இரண்டு ஸ்வெட்டருக்குள் விறைத்துப்போய் முறைக்கிறாள்.

"இந்தக் குளிருலயும் காலங்காத்தால பெரட்டுக்குப் போகணுங்க" என்கிறார் பக்கத்தில் நிற்கும் கொழுந்து பறிக்கிற அக்கா.

கயலின் முகம் மலர்கிறது. "அம்மா, கோழிப் பிரட்டலோ?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "சாப்பாடு இல்ல பாப்பா! வேலைக்கு முந்தி எல்லாரையும் நிக்க வச்சுப் பேரு கூப்புடுவாங்க. அதுதான் பெரட்டு. ஒம் பேரு என்னா?"

மெல்லச் சொல்கிறாள்.

அக்கா பேர் கூப்பிடும் கங்காணிபோலக் குரலை உயர்த்துகிறார். "கயல்!"

ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருந்த கை மேலே எழுகிறது.

"வந்திட்டன்!"