அக்காவுக்கு ஒரு லோடு கூட

இறக்கம் ஆரம்பித்ததும் சந்தனம் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார். என்ஜின் உறுமல் அடங்கிவிடும். கசடு ஏற்றிய லாரி ஓசைப்படாமல் உருண்டு, இடப்பக்கம் ஓர் இரும்புக் கேட்டைத் தாண்டிப் போகும். அந்த நேரம் அவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். அங்கே பார்ப்பதற்கு ஒரு கற்சுவரைத் தவிர எதுவும் இல்லை. பாரம் ஏற்றிய வண்டியை இறக்கத்தில் இப்படி விடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. புதிதாக வரும் டிரைவர்களை இதற்காகவே கடிந்துகொள்கிற ஆள் அவர்.

சந்தனம் என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். ஊர்க் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில், அடியில் தங்கும் கசடைப் பிழிந்து லாரியில் கொட்டுவார்கள். அதை ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. வாடை சட்டையோடு நிற்பதில்லை. கடிகாரப் பட்டையில், பர்ஸில், சில்லறையில்கூட இருக்கும். பஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகிவிடும். “நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கலாம்” என்பார்.

கூச்சப்பட என்ன இருந்தது? அப்போதெல்லாம் கசடு எருவாகப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் இலவசமாக. விவசாயிகள் அவரை வழிமறித்து நலம் விசாரிப்பார்கள், அடுத்த லோடு தங்களுக்கே வேண்டும் என்று குழைவார்கள். “ஊரே வேணாம்னு விட்டதை, வேணும் வேணும்னு கேக்க வச்சிருக்கேன் பாத்தீங்களா?” என்று மார்தட்டிக்கொள்வார்.

அந்த இரும்புக் கேட் அவருடைய அக்காவுடையது. கணவர் போனபிறகு மாடுகளையும் புல்வெளியையும் ஒண்டியாகக் கட்டி மேய்ப்பவர். தாய் இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். இரண்டு ஹாரன் அடித்தால் கேட் திறக்கும். எல்லோருக்கும் முறை வைத்துக் கொட்டிய சந்தனம், அக்காவுக்கு மட்டும் எப்போதும் ஒரு லோடு கூடக் கொட்டினார். கைநிறையக் கொடுக்க அவரிடம் வேறு என்ன இருந்தது?

கொட்டி முடித்தாலும் அக்கா உடனே வீட்டுக்குள் விடமாட்டார். அடிபம்பு அருகே நிறுத்தி, அவருக்கென்றே வைத்திருந்த சோப்பைக் கையில் திணித்து, தானே பம்பை அடிப்பார். “முழங்கை வரைக்கும் தேய். அப்புறம்தான் சாப்பாடு.” நிலையத்தில் ஒருவருக்கும் அடங்காத மனிதர், அங்கே சொன்னபடி தேய்த்துக்கொள்வார்.

பிறகு ஒருநாள் மண்ணைச் சோதிக்க வந்தார்கள். ஒட்டாத வாணலிக்கும் நனையாத மழைக்கோட்டுக்கும் பூச்சு தயாரிக்கும் ஆலை ஒன்று, தன் கழிவையும் அதே சாக்கடையில் விட்டிருந்தது. அதிலிருந்த ரசாயனம் மக்காது, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. கசடில் தங்கி, அங்கிருந்து புல்லுக்கும் நிலத்தடித் தண்ணீருக்கும் பாலுக்கும் போய்விட்டிருந்தது. கசடு வாங்கிய எல்லா நிலத்திலும் அது இருந்தது. அக்காவின் நிலத்தில்தான் மிக அதிகம். காரணம் என்னவென்று ஆய்வகத்துக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். சந்தனத்துக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பால் வண்டி வருவது நின்றது. கறக்காவிட்டால் மாடு தாங்காது என்பதால் அக்கா இன்றும் கறக்கிறார். கறந்ததை அதிகாரிகள் வைத்துவிட்டுப் போன தொட்டியில் ஊற்றி மூடுகிறார். அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் கேனில் தண்ணீர் வருகிறது, அதுவும் அளந்துதான். கசடு இப்போது எருவாகப் போவதில்லை; தடித்த பிளாஸ்டிக் விரித்த ஒரு குழிக்குப் போகிறது. அக்காவின் கேட்டைத் தாண்டாமல் குழிக்குப் போக வேறு பாதை இல்லை.

அக்கா திட்டியிருந்தால் சந்தனம் தாங்கியிருப்பார். போனில் அவர் கேட்டது, “சாப்பிட வர்றதே இல்லையே, ஏன்டா?” என்பது மட்டும்தான். வேலை அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து அழுதார். நிலையத்தில் இப்போது யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. தெரிந்தா கொட்டினாய் என்று சக டிரைவர் தேற்றப் பார்த்தார்.

“விஷம்னு தெரியாது, சரி. ஆனா கூட ஒரு லோடு கொட்டினது தெரிஞ்சுதானே?” என்றார் சந்தனம்.

போன வாரம் லாரி வழக்கம்போல ஓசையில்லாமல் இறங்கியது. தூரத்திலேயே தெரிந்தது, சாலை நடுவில் அக்கா நிற்பது. பிரேக்கை மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அக்காவின் ஒரு கையில் தண்ணீர்க் கேன், இன்னொரு கையில் காய்ந்து வெடித்துப்போன பழைய சோப்பு.

“சத்தம் வராட்டி, நாத்தம் வராதாடா?” என்றார். “தினமும் நீ போறது எனக்குத் தெரியும். இறங்கு, சாப்பாடு ஆறுது.”

சந்தனம் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனார். கேட்டுக்குள் நுழைந்ததும் அக்கா நின்று, கேனின் மூடியைத் திருகினார்.

“கையைக் காட்டு.”

“குடிக்கிற தண்ணியாச்சே, அக்கா.”

“காட்டுடா.”

நீட்டிய கைகளைச் சந்தனம் சட்டென்று இழுத்துக்கொண்டார். திரும்பி நடந்து, கேட்டைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்தார். கை கழுவும் தண்ணீர் அக்காவின் மண்ணில் ஒரு சொட்டும் தெறிக்காத தூரத்தில் நின்று, அங்கே கைகளை நீட்டினார்.