நாகலூர் ஏற்றத்தில் இரண்டு பேட்டரி கார்கள்

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். ஏற்காட்டுக்குப் புகையில்லாத வண்டி வாங்கலாம் என்று அப்போது பேச்சு இருந்தது. இரண்டு போட்டிக் கம்பெனிகள் ஆளுக்கொரு பேட்டரி கார் அனுப்பியிருந்தன. ஒன்று வெள்ளை, இன்னொன்று நீலம். எது மலைக்கு ஆகும் என்று ஓட்டிப் பார்த்து எழுதுவது என் வேலை. இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் என்னை நிரந்தரமாக்குவது என்று எங்கள் அலுவலக என்ஜினீயர் சொல்லியிருந்தார்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஷெட்டில் கார்களை நிறுத்தினோம். சார்ஜ் போட ஒரே ஒரு பிளக் பாயிண்ட். பாரபட்சம் கூடாதென்று இரண்டுக்கும் ஆறாறு மணி நேரம் வகுத்தேன். காலையில் வெள்ளை, மூன்று மணிக்கு மேல் நீலம். மறுநாள் வெள்ளைக் கார் ஏற்றத்தைச் சுலபமாகக் கடந்தது. நீலம் பாதியில் நின்றுவிட்டது. ‘மலைக்கு லாயக்கில்லை’ என்று அங்கேயே எழுதிவிட்டேன்.

கூட வந்த டிரைவரும் நானும் அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, காப்பிப் பழம் பறிக்கப் போன பெண்கள் நின்று சிரித்தார்கள்.

“ஏனுங்க சார், கரண்டு காருன்னாங்க, கையால தள்ளறீங்க?” என்றார் ஒருவர்.

“சார்ஜ் இறங்கிருச்சுங்க. நேத்து சாயங்காலம் முழுக்கப் போட்டுத்தான் வெச்சிருந்தோம்.”

“சாயங்காலமா? பறிச்ச பழத்த அப்பத்தானுங்க மெஷின்ல போட்டுத் தோல் உரிப்பாங்க. அது ஓடறப்ப எங்க ஊட்டு லைட்டே நொம்ப மங்கிப் போயிருமுங்க. உங்க காரு மட்டும் வயிறு நெறையக் குடிச்சிருக்குமாக்கும்!”

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி, நீலக் காருக்குச் சார்ஜ் சரியாக ஏறவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வோல்டேஜைக் காலையில் ஒருமுறை அளந்ததோடு சரி. மலையில் பிறந்தவர்களுக்குத் தெரிந்தது, மின்சாரம் படித்த எனக்குத் தோன்றவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் செய்யாத குற்றத்துக்கு நீலக் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மதியம் ஏற்காட்டுக்கு வந்திருந்த என்ஜினீயரிடம் போய்ச் சொன்னேன்.

“மீட்டர் கையில இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“சாயங்காலம் வெச்சுப் பார்த்தியா?”

“இல்லைங்க.”

அவர் திட்டவில்லை. “இதையே முதல் பக்கத்துல எழுது. ரெண்டு வண்டிக்கும் காலையில சார்ஜ் போட்டு மறுபடி ஓட்டு” என்றார்.

ஒரு நாள் இதற்கு, மறுநாள் அதற்கு என்று காலையிலேயே சார்ஜ் போட்டோம். பாரத்துக்கு மணல் மூட்டை தேடாமல், பறிக்கப் போகும் பெண்களையே ஏற்றிக்கொண்டோம். “நடுவுல எறக்கித் தள்ளச் சொன்னீங்கன்னா கூலி கேப்பமுங்க” என்றார் அதே பெண். சமதளத்தில் வெள்ளை வேகம். பாரத்தோடு ஏறும்போது நீலம் திணறவே இல்லை. இரண்டையும் கண்டது கண்டபடியே எழுதினேன்.

கடைசியில் எதை வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் வேறு ஆட்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. கோப்பில் என் தவற்றைச் சொல்லும் அந்த முதல் பக்கத்தை என்ஜினீயர் எடுக்கவில்லை. அதன் கீழேயே கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கும், வழியில் நின்று சிரித்த அந்தப் பெண்ணுக்கும் நான் பட்ட நன்றிக்கடன் பெரிது.